முதல் மிதி

இரும்புக் கதவில் போய் மோதியபோது வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டே தள்ளுகிற தாய்கூட அதைவிட வேகமாகப் போவாள். ஆனாலும் கதவு வளைந்துவிட்டது. பின்னால் சாய்வுச் சட்டத்தில் கட்டியிருந்த கடைமுகப்புக் கண்ணாடிகள் சலீரென்று தரைக்கு வந்துவிட்டன. அந்தச் சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்த்தது.

ஓட்டியவள் கண்ணாடிக்காரி. கண்ணாடியை வெட்டுவது, ஏற்றுவது, கொண்டுபோய்ப் பொருத்துவது எல்லாம் அவள் தொழில். அதனால் அந்தப் பெயர். அந்த வீட்டுக்கு அவள் சின்ன மருமகள். வண்டியோ சாதாரண வண்டி இல்லை. எட்டு சிலிண்டர் இன்ஜின் வைத்த பிக்கப். பின்னால் ஒரு கடைக்கு வேண்டிய கண்ணாடி முழுவதையும் ஏற்றலாம். பாரத்தை இறக்கிவிட்டு மிதித்தால் பந்தயக் கார்களுக்கே பெப்பே காட்டலாம். கண்ணாடி ஏற்றுகிறவளுக்கு எதற்கு இந்தப் பூதம் என்று கேட்காத ஆளில்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். அவள் உழைத்த காசு, அவள் வாங்கிய வண்டி. காலையில் பாரத்தோடு பூனை நடை போடுவாள். வேலை முடிந்து வெறும் வண்டியோடு புறவழிச் சாலைக்கு வந்துவிட்டால் ஒரு மிதி மிதிப்பாள். தினமும் அவளுக்கு இந்த இரண்டும் வேண்டும்.

வீடு மேட்டில் இருந்தது. வண்டி நிற்கிற கொட்டகையிலிருந்து தெருக்கதவு வரை சிமெண்டுச் சரிவு. அன்றைக்குக் காலையில் அந்தச் சரிவில் இறங்கும்போதுதான் பிரேக்கை மிதித்தாள். மரக்கட்டையை மிதித்த மாதிரி இருந்தது. இன்னும் அழுத்தினாள். வண்டி அதுபாட்டுக்கு ஆடி அசைந்து போய்க் கதவை முட்டிவிட்டுத்தான் நின்றது.

முதலில் ஓடிவந்தவர் பெரியத்தான், அவள் கணவனின் அண்ணன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மீதிப் பாதிக்கு ஓட்டத் தகுதியே கிடையாது என்று தீர்ப்புச் சொன்னவரும் அவர்தான்.

“அடி கிடி பட்டுச்சா?” என்று கேட்டார். அதுவரைக்கும் நல்ல மனுஷர்.

“இல்ல பெரியத்தான்.”

“அப்ப எறங்கு. சாவியை இப்படிக் குடு.”

அவள் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது. போனது போனதுதான்.

உடைந்த கண்ணாடியைப் பெருக்கி வாரும்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. கொஞ்ச நாளுக்கு முன்னால், சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற பிரேக் பேட் மாற்றியிருந்தது. மாற்றினதிலிருந்தே காலையில் முதல் மிதி சரியில்லை. நாலு தெரு தாண்டி நாலு இடத்தில் நிறுத்தின பிறகுதான் பிரேக்குக்கு உயிர் வரும். புதுசு அல்லவா, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டிருந்தாள். போட்டிருந்தது பந்தய பேட். அதற்குச் சூடு ஏறினால்தான் பிடிக்கும். குளிர்ந்து கிடந்தால் வெறும் கல். கண்ணாடி ஏற்றினவள் மெல்ல ஓட்டுவாள். மெல்ல ஓட்டினால் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் பிடிக்காது. கவனமாக ஓட்ட ஓட்ட ஆபத்து கூடுகிற வண்டி! இப்படியும் ஒரு கூத்து உண்டா என்று துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் கூடத்தில் பஞ்சாயத்து. பெரியத்தான் நாற்காலியில். கணவன் சோபாவின் ஓரத்தில். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வகுப்பில் மூச்சுவிடாமல் பேசுவான், அண்ணன் முன்னால் வாய்க்குப் பூட்டு. பெரியத்தானின் மனைவி, நம்மவளுக்கு ஓரகத்தி, எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“ஆளு தப்பில்ல, வண்டி தப்பு” என்று ஆரம்பித்தார் பெரியத்தான். “அது ராட்சசன். பொம்பளை கைக்கு அடங்காது. ஞாயித்துக்கிழமை தரகரை வரச் சொல்லியிருக்கேன். நல்ல விலைக்குத் தள்ளிட்டு, சின்னதா ஒரு வேன் வாங்கிக்கோ. எவ்வளவு சொகுசா இருக்கும் தெரியுமா?”

“இடிச்சது என் கை இல்ல பெரியத்தான். பிரேக் பேட். குளிர்ல பிடிக்கல. நான் மெதுவா ஓட்டினதாலதான் இடிச்சேன்.”

பெரியத்தான் சிரித்தார் பாருங்கள், நாற்காலியே குலுங்கியது.

“மெதுவா ஓட்டினதால இடிச்சாளாம்! முப்பது வருஷமா ஓட்டச் சொல்லிக் குடுக்கறேன், இந்தச் சாக்கை ஒருத்தனும் சொன்னதில்ல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கதவுகிட்ட நின்ன வண்டியை நானே மத்தியானம் கடைத்தெரு வரைக்கும் எடுத்துட்டுப் போய்ப் பார்த்தேன். ஆணி அடிச்ச மாதிரி நிக்குது!”

“கடைத்தெருவுல பத்து எடத்துல நிறுத்தியிருப்பீங்க. சூடு ஏறியிருக்கும். அதான் நின்னுச்சு. நாளைக்குக் காலையில எழுந்ததும், வண்டியை ஸ்டார்ட் பண்ணி, நீங்களே அந்தச் சரிவுல எறக்கிப் பாருங்க.”

“எனக்கே பரீட்சை வைக்கிறியா?”

“ஆமா. வைக்கிறேன்.”

தேநீர்க் கோப்பையை ‘டக்’ என்று வைத்தார் பெரியத்தான். அதற்குப் பிறகு யார் என்ன சொல்லி என்ன? தம்பி பக்கம் திரும்பி, “பார்த்துக்கோடா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். பரீட்சைக்கு வராத வாத்தியாரை என்ன செய்ய முடியும்?

அன்று இரவு அவள் கணவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு ஆத்திரம். அண்ணன் பேசும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனிடம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் ஏதோ சொல்ல வந்து, இருமி, அதோடு நிறுத்திக்கொண்டான்.

காலையில் அவள் பல் துலக்கிவிட்டு வந்தபோது தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வண்டியின் இரண்டாவது சாவி இருந்தது. எப்போதோ பத்திரமாக வை என்று அவனிடம் கொடுத்துவிட்டு அவளே மறந்துபோனது. அவன் விடைத்தாள் கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான்.

“என்னங்க இது?”

“உன்னோடது. என்கிட்ட இருந்துச்சு. குடுத்துட்டேன்.”

“அண்ணன் கேட்டா?”

“கேக்கட்டும்” என்றான். குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஆனால் சொல்லிவிட்டான். அவளுக்கு நேற்றைய கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டாள். அதற்கு வேலை இருந்தது.

சனிக்கிழமை தன் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வாரத்தில் வேலைநாளெல்லாம் ஏதோ அலுவலகத்தில் பொழுதைத் தள்ளுகிறவன். விடுமுறை வந்தால் பந்தய மைதானத்தில்தான் இருப்பான். அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு பார்ட்ஸ் கடைக்குப் போனாள்.

“பிரேக் பேடா? எதுக்குக்கா? நான் போட்டுக் குடுத்ததுதான் சூப்பரா இருக்கே!” என்றான் வழியெல்லாம்.

ஆமாம், போட்டுக்கொடுத்தது அவன்தான். அக்காவின் பிறந்தநாளுக்கு. தன்னுடைய பந்தயக் காருக்குப் போடுகிற அதே ரக பேடை, அதே ஆசையோடு. போட்டுவிட்டுச் சோதித்தும் பார்த்தான். எப்படி? பந்தயக்காரர்களுக்கு ஒரு பழக்கம். சூடேற்றாமல் எதையும் சோதிக்க மாட்டார்கள். வட்டச் சாலையைப் புகை வரச் சுற்றிவிட்டு வந்து மிதித்தான், வண்டி அப்படியே உட்கார்ந்தது. பூரித்துப்போய்ச் சாவியை நீட்டினான். குளிர்ந்த வண்டியை அவன் ஓட்டியதே இல்லை.

கடை வாசலில் வைத்துத்தான் சொன்னாள். “டேய், காலையில அது பிடிக்கல. அதான் கதவுல போய் இடிச்சேன். பெரியத்தான் சாவியைப் பிடுங்கி வச்சுக்கிட்டாரு.”

அவன் முகம் செத்துவிட்டது. “அக்கா… என்னாலயா?”

“உன்னால இல்ல. நீ உன் மைதானத்து வழக்கப்படி போட்டே. என் ரோடு வேற.”

“நான் வந்து உங்க பெரியத்தான்கிட்டச் சொல்றேன். தப்பு என்னோடதுன்னு கால்ல விழுந்து சொல்றேன். சாவியைக் குடுத்துடுவாரு.”

“வேண்டாம்.”

“ஏன்க்கா?”

“இன்னைக்கு என் கையைச் சொல்லிச் சாவியை எடுத்தாரு. நாளைக்கு உன் பேரைச் சொல்லி வச்சுக்குவாரு. உன்னைப் போட்டுக் குடுத்து நான் என் வண்டிச் சாவியை வாங்கணுமா? போடா, உள்ள வா.”

கடைக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கண்ணாடி மேசையில் ஒரு விரிசல் ஓடி, அதன்மேல் ஒட்டு நாடா, அதன்மேல் இன்னொரு ஒட்டு நாடா. அவள் கண் முதலில் அங்கேதான் போனது. தொழில் அப்படி. “இது என்னைக்காவது உங்க தொடையில எறங்கும்” என்றாள். அவர் அவசரமாகக் காலை எடுத்துக்கொண்டார்.

வண்டி எது என்று சொன்னதும் புருவத்தைத் தூக்கினார். “ஓட்டுறது தம்பியா?”

“நான்.”

“ஓ. வேலைக்கா, வேகத்துக்கா?”

“ரெண்டுக்கும்.”

“ஒண்ணைச் சொல்லும்மா. ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னா எப்படி?”

“பிரேக் மிதிக்கிறது ஒரே கால்தாங்க. நீங்க எடுத்துப் போடுங்க, பார்ப்போம்.”

அவர் முதலில் எடுத்தது பந்தய பேட். தம்பியின் கை பழக்கத்தில் அதன் பக்கம் நீண்டது. அவள் பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டது. “டேய், உன் மைதானத்துல சிவப்பு விளக்கு உண்டா? குறுக்கே நாய் வருமா? கொட்டகையை விட்டு எறங்கினதும் சரிவு வருமா?” என்று கேட்டாள். அவன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அவளுக்கும் மனசுக்குள் சுருக்கென்றது. ஒருநாள் அவனோடு மைதானத்துக்குப் போய், அந்த வண்டியை ஆசைதீரச் சுற்றவேண்டும் என்று இரண்டு பேரும் பேசிவைத்திருந்தார்கள். இந்தப் பெட்டியைத் தள்ளினால் அதையும் சேர்த்துத் தள்ளவேண்டும். வருத்தம்தான். தள்ளினாள்.

அடுத்து வந்தது வழவழப்பான அட்டைப் பெட்டி. “குடும்பத்துக்கு ஏத்தது” என்றார் கடைக்காரர். “சத்தமே வராது. கறுப்புப் பொடி கொட்டாது. வீல் எப்பவும் பளபளன்னு இருக்கும். குளிர்லயும் பிடிக்கும்.”

“வெறும் வண்டி. புறவழிச் சாலை. நல்ல வேகம். திடீர்னு முன்னால ஒரு லாரி நிக்குது. அழுத்தி மிதிச்சா நிக்குமா?”

“நிக்கும்மா.”

“அடுத்த வளைவுலயே இன்னொரு லாரி?”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “உங்க வண்டி வெயிட்டுக்கு… சூடு தாங்காம கொஞ்சம் வழுக்கும். ஆனா அவ்வளவு வேகமா நீங்க எதுக்கும்மா போகணும்?”

“போவேங்க. அதான் கேக்கறேன்.”

ஒளித்துச் சொல்லவில்லை. கூச்சப்பட்டும் சொல்லவில்லை. என் நகவெட்டி எங்கே என்று கேட்கிற மாதிரிச் சொன்னாள். கடைக்காரர் குனிந்து, மேசைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, தூசி படிந்த பெட்டி ஒன்றை எடுத்து ஊதினார்.

“இது ஒண்ணு இருக்கு. யாரும் வாங்க மாட்டாங்க. பந்தயக்காரன் சப்பைங்கிறான். குடும்பக்காரன் சத்தம்கிறான். முதல் மிதியிலயே பிடிக்கும், ஆனா வெடுக்குன்னு இழுக்காது. லாரி, அடுத்த லாரி, அதுக்கடுத்த லாரி, எல்லாத்துக்கும் நிக்கும். மைதானத்துல சுத்திக்கிட்டே இருந்தா மட்டும் கைவிட்டுடும். பொடி கொட்டும். பின்னால எடுக்கும்போது கீச்சுன்னு கத்தும்.”

வெடுக்கென்று இழுக்காது என்றதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவளுக்குத்தான் தெரியும் அதன் அருமை. பிடிக்காத பிரேக் ஒரு விதத்தில் உடைக்கும் என்றால், பாய்ந்து பிடிக்கிற பிரேக் இன்னொரு விதத்தில் உடைக்கும்.

“கத்தட்டும். வீட்டுல எல்லாரும் கத்தறாங்க, அதுவும் சேர்ந்து கத்தட்டும். குடுங்க.”

பெரியத்தான் பயிற்சிப் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் கொட்டகையில் வைத்து இரண்டு பேரும் மாற்றினார்கள். தம்பி சக்கரங்களைக் கழற்றினான். பழைய பேட், தான் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தட்டான டிஸ்க்கின்மேல் தன் பூச்சைப் படியவிட்டிருந்தது. அதன்மேல் புதுசு உட்காராது. அவள் கண்ணாடி விளிம்பைத் தேய்க்கிற உப்புத்தாளை எடுத்துவந்து, டிஸ்க் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அக்கா, உனக்குக் கோபமே இல்லையா?” என்றான். “இருக்கு. உன்மேல இல்ல. அந்த ஸ்பேனரை எடு” என்றாள்.

புது பேடைப் போட்டால் உடனே ஆகிவிடாது. அதைப் பழக்க வேண்டும். வேகமெடுத்து, நன்றாக அழுத்தி மிதித்து, நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, நிற்காமல் மறுபடி வேகமெடுக்க வேண்டும். இப்படிப் பல தடவை. நடுவில் சூட்டோடு நிறுத்தி, மிதித்தபடியே நின்றுவிட்டால் போச்சு. பேட் அந்த ஒரே இடத்தில் டிஸ்க்கில் ஒட்டித் தடம் வைத்துவிடும், அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் வண்டி நடுங்கும். தெரியாதவன் பார்த்தால் ஓட்டுகிறவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வான். அதனால் ஆளில்லாத தொழிற்பேட்டைப் பின்சாலைக்குப் போனாள். கொட்டகையிலிருந்து இறங்கும்போது தம்பி முன்னால் பைக்கில் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டான். சின்ன கியரில், கைப்பிரேக்கையும் பிடித்தபடி, ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோனாள்.

ஆளில்லாத சாலை என்று அவள்தான் நினைத்தாள். தொழிற்பேட்டைப் பின்சாலையில்தானே சனிக்கிழமை தோறும் பெரியத்தான் கற்றுக்கொடுப்பார்! மரத்தடியில் அவருடைய பயிற்சிக் கார் நின்றது. உள்ளே வழுக்கைத்தலை மாணவர் ஒருவர் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தூரத்தில் வருகிற வண்டியைப் பார்த்ததும் பெரியத்தான் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. வண்டியும் வந்துகொண்டிருந்தது. மனுஷர் காரைவிட்டுக் குதித்து, சாலையோரத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

அவள் பிரேக்கை அழுத்தி மிதித்தாள். வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் நடக்கிற வேகத்துக்கு அடங்கியது.

“நிறுத்து! நிறுத்துங்கறேன்!”

“நிறுத்தக் கூடாது பெரியத்தான், சூடா இருக்கு!” என்று கத்திவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

சாலை முனையில் திரும்பி மறுபடி வந்தாள். மறுபடி மூக்குத் தாழ்ந்தது.

“சாவி எப்படிடீ வந்துச்சு?”

“வண்டிக்கு ரெண்டு சாவி பெரியத்தான்!” போய்விட்டாள்.

மூன்றாவது தடவை பேட் சூட்டு வாசனை அடிக்க ஆரம்பித்திருந்தது. அவர் வண்டியோடு சேர்ந்து கூடவே ஓடினார்.

“என்ன பண்ணிட்டிருக்கே நீ?”

“பேட் மாத்திட்டேன்! பழக்கிட்டிருக்கேன்!”

“யாரைக் கேட்டு மாத்தினே?”

“என் காலைக் கேட்டு!”

பயிற்சிக் காருக்குள் இருந்த வழுக்கைத்தலைக்காரர் சிரித்துவிட்டார். பெரியத்தான் திரும்பி முறைத்ததும் மறுபடி ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த சுற்றில் பெரியத்தானுக்கு மூச்சு வாங்கியது; இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே கத்தினார்.

“நாளைக்குத் தரகர் வர்றாரு!”

“வரட்டும்!”

அதற்குப் பிறகு பிரேக்கையே தொடாமல், காற்றில் சூடு தணியட்டும் என்று புறவழிச் சாலை பக்கம் வண்டியை விட்டாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. உடைந்ததற்குப் பதில் வெட்டிய புதுக் கண்ணாடிகளைச் சட்டத்தில் ஏற்றினாள். கடை திறக்காத நாள், இன்றைக்கே பொருத்திவிட வேண்டும். கணவன் கயிற்றை இழுத்துக் கட்டினான். கீழே தெருக்கதவு இருந்த இடம் வெறும் திறப்பாக இருந்தது. வளைந்த கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்திருந்தார்கள். அந்தத் திறப்புக்கு ஓரமாகப் பெரியத்தானும், பக்கத்தில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட தரகரும் நின்றார்கள். ஓரகத்தி வாசற்படியில் நின்றாள்.

இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த வண்டி. அவள் இன்ஜினைப் போட்டாள். இன்றைக்கு மட்டும் நிற்காமல் போனால் கதை முடிந்தது. வண்டியும் இல்லை, வாயும் இல்லை. சரிவில் இறக்கி, பாதி வழியில் மிதித்தாள்.

பிடித்தது. காலுக்கு அடியில், முதல் மிதியிலேயே, ஆள் தோளைத் தொட்டு நிறுத்துகிற மாதிரி நின்றது. பின்னால் கண்ணாடி ‘கிணுக்’ என்றுகூடச் சொல்லவில்லை. அவளுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. காலை எடுத்தாள், இறக்கினாள், மறுபடி மிதித்தாள், மறுபடி நின்றது. அப்படியே கீழே வந்து பெரியத்தானுக்கு எதிரில் நிறுத்தினாள்.

தரகர் வண்டியைச் சுற்றிவந்து, குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“பிரேக் நல்லாப் பிடிக்குதே சார். நீங்க வண்டி கைக்கு அடங்காதுன்னீங்க. வண்டி ராஜா மாதிரி இருக்கு. அப்புறம் எதுக்கு விக்கிறீங்க?”

பெரியத்தான் தன் தம்பியைப் பார்த்தார். “நீ சொல்லுடா” என்றார்.

“வண்டி அவளோடதுண்ணே. நான் என்ன சொல்றது?” என்றான் கணக்கு வாத்தியார். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை.

அவ்வளவுதான், பொறுத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது பெரியத்தானுக்கு. “பிரேக் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன! ஒரு பொம்பளைக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய இன்ஜின்? எதுக்கு?”

சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். தரகர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கண்ணாடிக்காரிக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. வளைந்த கதவு ஒரு சாக்கு, கைக்கு அடங்காது என்பது ஒரு சாக்கு என்று இவ்வளவு நாள் அவள் மட்டும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவரே நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது.

“ஆசைக்குத்தான் பெரியத்தான்” என்றாள். “வேற எதுக்கும் இல்ல. எனக்கு ஆசை. அதுக்காக வாங்கினேன், அதுக்காக ஓட்டுறேன். கதவைச் செஞ்சு குடுத்துடறேன், அது என் கடமை. வண்டியை விக்க மாட்டேன்.” ஜன்னல் வழியாக உள்ளங்கையை நீட்டினாள். “அந்தச் சாவியையும் குடுங்க.”

பெரியத்தான் சட்டைப் பையின்மேல் கையை வைத்துக்கொண்டார். குழந்தை பலூனைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. அவர் கொடுக்கப் போவதில்லை. அவள் கையை மடக்கப் போவதுமில்லை. இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

வாசற்படியிலிருந்து ஓரகத்தி இறங்கி வந்தாள். அந்த வீட்டில் ‘சரிங்க’ என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. நேராகக் கணவர் முன்னால் வந்து நின்றாள். அவர் கையை மெல்ல விலக்கினாள். சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டுச் சாவியை எடுத்தாள்.

“ஏய்! என்ன பண்றே நீ?”

“அவ பொருளை அவகிட்டக் குடுக்கறேன்.”

சாவியைக் கண்ணாடிக்காரியின் உள்ளங்கையில் வைத்தாள். அதோடு நிற்கவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தாள். ஏறுவதற்கு உயரமாக இருந்தது. ஒரு தடவை வழுக்கி, மறுதடவை பிடித்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பெண்டாட்டிக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: உனக்கு எதுக்கு?

“எங்க போறே?” என்றார் பெரியத்தான். குரலே மாறிவிட்டது.

“தெரியலீங்க” என்றாள் ஓரகத்தி. “அவ எங்க போறாளோ அங்க.”

தரகர் ஒதுங்கி வழிவிட்டார். வண்டி திறப்பைத் தாண்டித் தெருவில் இறங்கி, ஓசைப்படாமல் திரும்பியது. ஓரகத்தி முன்கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள், அந்தத் தெருவை முதல்முதலாகப் பார்க்கிறவள் போல.

“ரொம்ப வேகமாப் போகுமாமே இது. போயேன், பார்ப்போம்.”

“பின்னால கண்ணாடி இருக்குக்கா. எறக்கிட்டு, வெறும் வண்டியா வரும்போது.”

“வரும்போதும் நான் இருப்பேன்ல?”

“இருங்கக்கா.”

ஓரகத்தி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.